கடையை வாங்கினேன், வேலையாட்களும் கூடவே வருகிறார்கள்: பிரிட்டனில் வேலை உரிமைச் சோதனை பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

#1 கடைத்திண்ணை

எல்லோருக்கும் வணக்கம். கென்ட் பக்கம் ஒரு சின்னப் பலசரக்குக் கடையை வாங்குகிறேன். மதுபான உரிமமும் உண்டு. 2026 பெப்ரவரி முதலாம் திகதி சாவி கைக்கு வரும். பத்து வருடமாக மற்றவர்கள் கடையில் கல்லாவில் நின்றவன் நான். சம்பளம் வாங்கத்தான் தெரியும், கொடுத்துப் பழக்கமில்லை.

கடையோடு நான்கு வேலையாட்களும் வருகிறார்கள்.

ஒரு ஐயா, பதினொரு வருடமாக அங்கேயே இருக்கிறார். தொண்ணூறுகளில் வந்தவர். பழைய இலங்கைப் பாஸ்போர்ட்டில் காலவரையறை இல்லாமல் இருக்கலாம் என்ற முத்திரை இருக்கிறது. அந்தப் பாஸ்போர்ட் எப்போதோ முடிந்துவிட்டது.

ஒரு தங்கச்சி, கணவர் ஐடி கம்பெனியில் ஸ்கில்டு வொர்க்கர் விசா (கம்பெனி ஸ்பான்சர் செய்யும் வேலை விசா), இவர் அவருடைய துணையாக வந்தவர்.

ஒரு பெடியன், தமிழ்நாட்டுக்காரன், மாஸ்டர்ஸ் படிக்கிறான்.

நாலாவது ஆள் ஒரு முதியோர் இல்லத்தில் ஸ்பான்சர் விசாவில் வேலை செய்கிறார். சனி, ஞாயிறு மட்டும் கடைக்கு வருவார்.

பழைய முதலாளி ஒரு கோப்பைத் தந்தார். உள்ளே பிஆர்பி அட்டைகளின் (விசா விவரம் உள்ள பழைய பயோமெட்ரிக் அட்டை) போட்டோகொப்பி, என்ஐ (தேசியக் காப்புறுதி) இலக்கம், இரண்டு ஓட்டுநர் உரிமத்தின் நகல். "எல்லோருக்கும் விசா இருக்கு, பயப்படாதே" என்கிறார். கணக்காளரைக் கேட்டேன், பேரோலில் போட்டு வரி கட்டினால் எல்லாம் சட்டப்படிதான் என்றார். இது போதுமா?

#2 சம்பளக்கணக்கு

தம்பி, கணக்காளர் சொன்னதை முதலில் மறந்துவிடுங்கள். பேரோல் வரித்துறைக்குப் போகும் கணக்கு. ஒருவருக்கு இங்கே வேலை செய்ய உரிமை இருக்கிறதா என்பது ஹோம் ஆபீஸ் (உள்துறை அமைச்சு) விஷயம். ஒன்றைச் சரியாகச் செய்தால் மற்றது தானாகச் சரியாகிவிடாது. விசா முடிந்தவருக்கும் என்ஐ இலக்கம் அப்படியேதான் இருக்கும், அதனால் அது எதையும் நிரூபிக்காது. ஓட்டுநர் உரிமமும் அப்படித்தான், எந்தப் பட்டியலிலும் இல்லை.

பிஆர்பி அட்டை நகல்கள் எப்போது எடுத்தவை என்று பாருங்கள். 2022 ஏப்ரல் 6 முதல் அந்த அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துச் செய்யும் சோதனை செல்லாது. இணையத்தில்தான் செய்ய வேண்டும். இப்போது அட்டையே கிடையாது, எல்லாம் இணையக் கணக்கில் இருக்கும் இ-விசா.

செய்யும் முறை சுலபம். ஆள் தன் கணக்குக்குள் போய் ஷேர் கோட் எடுத்துத் தருவார். ஒன்பது எழுத்தும் எண்ணுமாக இருக்கும், 90 நாள் செல்லும். வேலைக்கான கோட் டபிள்யூ என்ற எழுத்தில் தொடங்க வேண்டும். அந்தக் கோடையும் பிறந்த திகதியையும் அரசாங்க இணையதளத்தில் வேலை கொடுப்பவர்களுக்கென்று உள்ள பக்கத்தில் நீங்கள் போட வேண்டும். ஆளுடைய படம், என்ன வேலை செய்யலாம், எதுவரை என்பதெல்லாம் வரும். படத்தையும் ஆளையும் ஒப்பிடுங்கள், நேரிலோ நேரடி வீடியோ அழைப்பிலோ. பிறகு அந்தப் பக்கத்தை பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். வேலையில் இருக்கும் காலம் முழுவதும், விலகிய பிறகு இரண்டு வருடமும் வைத்திருக்க வேண்டும். அதற்கப்புறம் அழித்துவிடுங்கள்.

அதிகமாக நடக்கும் பிழை ஒன்று: வேலையாள் தன் போனில் தன் பக்கத்தைத் திறந்து "இங்க பாருங்க அண்ணா" என்று காட்டுவார். முதலாளியும் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கோப்பில் வைப்பார். அது சோதனையே இல்லை. வேலை கொடுப்பவருக்கான பக்கத்தில் நீங்களே போட்டுப் பார்த்தது மட்டும்தான் கணக்கு.

#3 நள்ளிரவுஷிப்ட்

இதெல்லாம் ஆயிரம் பேரை வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு அக்கா. நான் இருபது வருடமாகப் பெற்றோல் ஷெட் பார்க்கிறேன், ஒருவரும் வந்து கேட்டதில்லை. ஆளைப் பார்த்தாலே தெரியாதா? விசா உள்ள ஆளை எடுத்தால் என்ன பயம்?

#4 வடலிக்காற்று

நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். விசா உள்ள ஆளை எடுத்துத்தான் மாட்டினேன்.

என்னிடம் இருந்த பெடியன் மாஸ்டர்ஸ் மாணவன். ஷேர் கோட் வாங்கினேன், சரியான பக்கத்தில் பார்த்தேன், அச்சடித்தும் வைத்தேன். தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம் என்று போட்டிருந்தது. அதையும் ஒழுங்காகவே கடைப்பிடித்தேன். ஜூன் வந்தது. பல்கலைக்கழகம் விடுமுறைதானே என்று 38 மணித்தியாலம் கொடுத்தேன். அவனுக்கும் காசு தேவை, எனக்கும் ஆள் தேவை.

மாஸ்டர்ஸ் படிப்பவர்களுக்குக் கோடையில் விடுமுறை கிடையாது என்பது எனக்குத் தெரியாது. இளங்கலைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மாஸ்டர்ஸ்காரர் ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பார், அது அவர்களுக்குப் படிப்புக் காலம்தான். அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

செப்டெம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை அதிகாரிகள் ஆறு பேர் வந்தார்கள். மதுபானம் விற்கும் கடை என்பதால் உள்ளே வர அவர்களுக்கு வாரண்ட் தேவையில்லை, அதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். பேஸ்லிப்பைக் கேட்டார்கள், கொடுத்தேன். மணிக்கணக்கு அதிலேயே அச்சாகி இருக்கிறது, மறைக்க என்ன இருக்கிறது.

முதல் தடவை, ஒரு ஆள், 45,000 பவுண். நான் முழுதாக ஒத்துழைத்ததற்கு 5,000 குறைத்து 40,000 ஆக்கினார்கள். 21 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி. அதனால் 28,000. அதைச் சீட்டுப் பிடித்தும் மனைவியின் நகையை வைத்தும் கட்டினேன். கடையில் ஒரு வருடம் நின்று மிச்சம் பிடித்தாலும் அவ்வளவு வராது.

நள்ளிரவுஷிப்ட், உங்களுக்கு இருபது வருடம் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கும் பதினேழு வருடம் ஒன்றும் நடக்கவில்லை.

#5 நள்ளிரவுஷிப்ட்

அண்ணை, 28,000 என்றால் உண்மையாகவே பெரிய அடி. முன்பு 15,000 என்றுதானே கேள்விப்பட்டேன்?

#6 சட்டப்புத்தகம்

2024 பிப்ரவரி 13 வரை உச்சம் முதல் தடவைக்கு 15,000, திரும்பச் செய்தால் 20,000. அன்றைக்கே 45,000, 60,000 என்று மும்மடங்காக்கினார்கள். இது கடைக்கு அல்ல, ஆளுக்கு. மூன்று பேர் என்றால் மூன்றால் பெருக்க வேண்டும்.

நான் ஒரு குடிவரவுச் சட்ட அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இங்கே எழுதுவது பொதுவான விளக்கம்தான். உங்கள் ஆட்களின் தனிப்பட்ட விசா ஆலோசனைக்குப் பதிவு பெற்ற ஆலோசகரிடமோ சொலிசிட்டரிடமோ போங்கள். பதிவில்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வதே இந்த நாட்டில் குற்றம், நம் ஊர்ச் சங்கங்களில் அதைப் பலர் தெரியாமல் செய்கிறார்கள்.

ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன், இதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். 2006 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் சோதனை செய்யாததற்கு அபராதம் போடவில்லை. உரிமை இல்லாத ஆளுக்கு வேலை கொடுத்ததற்குத்தான் அபராதம். அப்படியானால் சோதனை எதற்கு? நீங்கள் முறைப்படி சோதித்து, ஆள் ஏமாற்றியிருந்தால், அபராதத்தில் இருந்து தப்ப உங்களுக்கு ஒரு சட்டப்பூர்வ தற்காப்பு கிடைக்கிறது. எங்கள் அலுவலகத்தில் அதைக் கவசம் என்போம். உரிமை உள்ள ஆளைச் சோதிக்காமல் வைத்திருந்தால் அபராதம் இல்லை, ஆனால் கவசமும் இல்லை. நாளை அவர் விசா முடிந்தது உங்களுக்குத் தெரியாமல் போனால் நேரே உங்கள் தலையில் விழும்.

கவசம் வேலை தொடங்கும் முன் போட வேண்டியது. திங்கட்கிழமை காலை ஆள் கல்லாவில் நின்றுவிட்டார், செவ்வாய் இரவு கோட் போட்டுப் பார்த்தேன் என்றால் அது பிந்திய சோதனை. ஒரு மணிநேர 'ட்ரயல் ஷிப்ட்'கூட வேலைதான்.

தெரிந்தே வைத்திருந்தால் கவசமே கிடையாது. அது குற்றவியல் வழக்காகும், ஐந்து வருடம் வரை சிறை. தெரிந்தே மட்டுமில்லை, உரிமை இல்லை என்று நம்ப நியாயமான காரணம் இருந்தும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் அதே பிரிவுதான்.

கடைத்திண்ணை, உங்கள் நிலைமைக்கு ஒரு நல்ல செய்தி. வியாபாரம் கைமாறும்போது ஆட்களும் சேர்ந்து மாறுவதற்கு 'டியூப்பி' என்ற விதிமுறை இருக்கிறது. பழைய முதலாளி சரியாகச் சோதித்திருந்தால் அந்தக் கவசம் உங்களுக்கும் வரும். அவர் பிழையாகச் செய்திருந்தால் அந்தப் பிழையும் வரும். அதனால்தான் கைமாறிய நாளில் இருந்து 60 நாள் அவகாசம் தருகிறார்கள், நீங்களே எல்லோரையும் புதிதாகச் சோதித்துக்கொள்ள. அந்தக் கோப்பை நம்பாதீர்கள், புதிதாகத் தொடங்குங்கள்.

#7 முதுகலைமாணவன்

வடலிக்காற்று அண்ணா, படிக்கவே கஷ்டமா இருக்கு. இந்தப் பக்கத்துல இருந்து பார்க்கிற ஆளா கொஞ்சம் சொல்றேன்.

20 மணிநேரம் என்பது சராசரி கிடையாது. திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரம் என்று கணக்கு. இந்த வாரம் 12, அடுத்த வாரம் 28, மொத்தத்தில் சரியாயிடுச்சு என்று பல கடைகளில் சொல்வார்கள். 28 போட்ட அந்த வாரத்திலேயே விதி உடைஞ்சு போச்சு. இரண்டு இடத்தில் வேலை பார்த்தால் இரண்டையும் சேர்த்துத்தான் 20. பட்டப்படிப்புக்குக் கீழே உள்ள கோர்ஸ் என்றால் பத்து மணிநேரம்தான்.

இன்னொன்று, "நீ செல்ஃப் எம்ப்ளாய்டுனு போட்டுக்கோ, மணிக்கணக்கு வராது" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். மாணவர் விசாவில் சுயதொழில் செய்யவே கூடாது. அது 20 மணியைத் தாண்டுவதைவிடப் பெரிய வினை. முதலாளிக்கு அபராதத்தோடு போகும், எங்களுக்கு விசாவே போகும், கட்டின ஃபீஸ் போகும், ஊரில் அப்பா வாங்கின கடன் மட்டும் அப்படியே நிற்கும். அந்தப் பையனுக்கு என்ன ஆச்சு அண்ணா?

#8 வடலிக்காற்று

விசாவை ரத்துச் செய்துவிட்டார்கள் தம்பி. ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டு கிழமை இருந்தது. ஊருக்குப் போன பிறகும் எனக்கு போன் எடுத்து மன்னிப்புக் கேட்டான். நான்தான் அவனிடம் கேட்டிருக்க வேண்டும்.

கடைத்திண்ணை, மாணவனிடம் கோட் மட்டும் வாங்காதீர்கள். அவன் படிக்கும் கோர்ஸுக்கு எந்தத் திகதியில் தவணை, எப்போது விடுமுறை என்று பல்கலைக்கழகத்தின் கடிதமோ அவர்கள் இணையதளத்தில் உள்ள அட்டவணையோ வாங்கிக் கோப்பில் வையுங்கள். பல்கலைக்கழகத்தின் பொது அட்டவணை இல்லை, அவனுடைய கோர்ஸின் அட்டவணை.

#9 கடைத்திண்ணை

நன்றி அண்ணை, நன்றி அக்கா. நேற்று இரவு இதைப் படித்துவிட்டு நித்திரை வரவில்லை.

முதியோர் இல்லத்து ஆளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஸ்பான்சர் விசாக்காரர் வேறு இடத்தில் 20 மணித்தியாலம் செய்யலாம் என்று விதி இருக்கிறதாம். அவர் என்னிடம் சனி, ஞாயிறு சேர்த்துப் 14 மணித்தியாலம்தான்.

#10 சட்டப்புத்தகம்

இந்த நான்கு பேரில் எனக்குக் கவலை தருபவர் இவர்தான்.

20 மணிநேர விதி உண்மை. ஆனால் அது எந்த வேலைக்கும் இல்லை. அந்தக் கூடுதல் வேலையும் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்குத் தகுதியான தொழில்களில் ஒன்றாக இருக்க வேண்டும். கடையில் கல்லாவில் நிற்பது, அலுமாரி அடுக்குவது, டெலிவரி கொண்டு போவது எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. அவர் இன்னொரு முதியோர் இல்லத்தில் அதே பராமரிப்பு வேலையைச் செய்தால் சரி. உங்கள் கடையில் ஒரு மணிநேரம்கூடச் சரியில்லை.

பட்டியலில் உள்ள வேலையாகவே இருந்தாலும் இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஸ்பான்சர் செய்த இடத்தின் வேலை நேரத்துக்கு வெளியே இருக்க வேண்டும், அவர் அந்த இடத்தில் இன்னும் வேலையில் இருக்க வேண்டும். எத்தனையோ பராமரிப்பு நிறுவனங்களின் ஸ்பான்சர் உரிமம் ரத்தாகியிருக்கிறது. அங்கே வேலை நின்றால் இங்கே கூடுதல் வேலைக்கான அனுமதியும் அன்றே நின்றுவிடும். அதனால் இப்படி ஒருவரை எடுப்பவர்கள் ஸ்பான்சரிடம் இருந்து ஒரு கடிதம் வாங்கி வைப்பது நல்லது.

அவருக்கு இதை எப்படிச் சொல்வது என்பது வேறு. பாவம், ஊரில் ஏஜென்டுக்குப் பத்து, பதினைந்து லட்சம் கொடுத்துவிட்டு வந்திருப்பார், அதற்குத்தான் சனி ஞாயிறு. ஆனால் மாட்டினால் அவர் விசாவும் போகும்.

#11 கடைத்திண்ணை

சரியாகச் சொன்னீர்கள், கடன் கட்டத்தான் வருகிறார் என்று பழைய முதலாளியும் சொன்னார். நாளைக்கே போய்க் கதைக்கிறேன். சாவி வாங்கும் முன்பே.

#12 கொத்துரொட்டி

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு உணவகம். ஊரில் இருந்து ஒரு நல்ல சமையல்காரரைக் கூப்பிட ஸ்பான்சர் உரிமம் எடுக்கலாமா? இங்கே கொத்து போடத் தெரிந்த கை கிடைக்கவில்லை. இப்போதைக்கு என் மாமா விசிட் விசாவில் வந்து நிற்கிறார், சமையலறையில் கொஞ்சம் கை கொடுக்கிறார். சம்பளம் ஒன்றும் இல்லை, சும்மாதான்.

#13 சம்பளக்கணக்கு

மாமாவை இன்றைக்கே சமையலறைக்கு வெளியே அனுப்புங்கள், தயவுசெய்து. விசிட் விசாவில் வருபவர் சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வேலை செய்ய முடியாது. ஏப்ரன் கட்டிக்கொண்டு வெங்காயம் வெட்டும் மனுசரைப் பார்த்து, விருந்தாளி என்று எந்த அதிகாரி நம்புவார்? நம் கடைகளில் இந்தச் 'சும்மா நின்றவர்' கதை நிறைய. கல்யாணத்துக்கு வந்த மச்சான், பிரசவம் பார்க்க வந்த மாமி, எல்லோரும் ஒருநாள் கல்லாவில் நின்றுவிடுவார்கள்.

#14 சட்டப்புத்தகம்

சமையல்காரர் விஷயம்: 2025 ஜூலை 22க்குப் பிறகு கதவு ஏறக்குறைய மூடிவிட்டது. ஸ்கில்டு வொர்க்கர் வேலையின் தகுதி நிலையைப் பட்டப்படிப்பு மட்டத்துக்கு உயர்த்தினார்கள், பொதுச் சம்பள அளவும் வருடத்துக்கு 41,700 பவுண் ஆனது. சமையல்காரர் அந்த மட்டத்துக்குக் கீழே இருக்கும் தொழில், எவ்வளவு சம்பளம் கொடுத்தாலும் ஊரில் இருந்து புதிதாக எடுக்க முடியாது. அதே நாளில் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டில் இருந்து ஆள் எடுப்பதையும் நிறுத்தினார்கள். அந்தத் திகதிக்கு முன்பே ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் இங்கே இருப்பவர்களுக்கு மட்டும் இடைக்கால விதிகள் உண்டு.

உங்களுக்கு நடைமுறையில் உதவக்கூடியது ஸ்பான்சர் உரிமம் இல்லை. கிராஜுவேட் விசாவில் (இங்கே படித்து முடித்தவர்களுக்கான விசா) இருப்பவர்கள், விசாக்காரர்களின் கணவன் மனைவி, அகதி அந்தஸ்து பெற்றவர்கள் இவர்களுக்கெல்லாம் உங்கள் ஸ்பான்சர் தேவையே இல்லை, கோட் போட்டுப் பார்த்தால் போதும். கொத்துப் போடுவதை அவர்களுக்குப் பழக்கிவிடுங்கள்.

"உங்களுக்கு ஸ்பான்சர் எடுத்துத் தருகிறேன், அந்தச் செலவை வருபவரிடமே வாங்கிக்கொள்ளலாம்" என்று யாராவது ஆசை காட்டினால் விலகி வாருங்கள். உரிமத்தின் கட்டணத்தையும் ஸ்பான்சர் சான்றிதழின் கட்டணத்தையும் ஆளின் தலையில் கட்டினால் உரிமமே ரத்தாகும்.

#15 கொத்துரொட்டி

மாமா இப்போது மேலே டிவி பார்க்கிறார். நன்றி.

இன்னொரு பெடியன் கேட்டு வருகிறான். அகதி வழக்கு நடக்கிறது, ஒன்றரை வருடமாகப் பதில் இல்லையாம். கையில் ஒரு அட்டை வைத்திருக்கிறான்.

#16 சட்டப்புத்தகம்

அந்த அட்டையைப் பார்த்து மட்டும் எடுக்காதீர்கள். தன் தவறு இல்லாமல் 12 மாதத்துக்கு மேல் முடிவு வராதவர் வேலை அனுமதி கேட்கலாம், கிடைத்தாலும் அரசு வெளியிடும் ஒரு குறுகிய பட்டியலில் உள்ள வேலைகளுக்கு மட்டும். உணவக வேலை அதில் இல்லை. பட்டியலில் உள்ள வேலை என்றாலும் ஹோம் ஆபீஸின் எம்ப்ளாயர் செக்கிங் சர்வீஸில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கித்தான் எடுக்க வேண்டும். அந்தப் பதில் ஆறு மாதத்துக்குச் செல்லும்.

விசா முடிவதற்குள் நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான். பலர் விசா முடிந்த திகதியைப் பார்த்ததும் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அது தேவையில்லை, அநியாயமும்கூட. நேரத்தோடு விண்ணப்பித்திருந்தால் பழைய உரிமை தொடரும். கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள உங்களுக்கு 28 நாள் இருக்கிறது.

#17 நள்ளிரவுஷிப்ட்

இவ்வளவு தலையிடி என்றால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் உள்ளவனை மட்டும் எடுத்துவிட்டுப் போகலாமே. நான் இனி அப்படித்தான். விளம்பரத்திலேயே போட்டுவிடப் போகிறேன்.

#18 சம்பளக்கணக்கு

போடாதீர்கள்! அபராதத்துக்குப் பயந்து தீர்ப்பாயத்தில் போய் நிற்கப் போகிறீர்களா? 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி அது இனப் பாகுபாடு. வேலை செய்ய உரிமை உள்ளவரை நாட்டையோ தோலையோ காரணம் காட்டித் தள்ளினால் எம்ப்ளாய்மென்ட் ட்ரிப்யூனலில் நஷ்டஈட்டுக்கு உச்ச வரம்பே கிடையாது. வேலைக்கு வராதவர்கூட வழக்குப் போடலாம், விண்ணப்பித்தாலே போதும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. தமிழ்ப் பேர் உள்ளவரிடம் மட்டும் கோட் கேட்டு, பக்கத்துத் தெரு வெள்ளைக்காரப் பெடியனிடம் ஒன்றும் கேட்காமல் எடுப்பதும் பாகுபாடுதான். எல்லோரையும் ஒரே மாதிரிச் சோதிக்க வேண்டும், உங்கள் சொந்தத் தம்பியையும்.

பிரிட்டிஷ், ஐரிஷ்காரர்களுக்கு ஷேர் கோட் வராது. பாஸ்போர்ட்டின் மூலப் பிரதியைக் கையில் வாங்கிப் பார்த்து, நகல் எடுத்து, பார்த்த திகதியை எழுதி வையுங்கள். அவர்களுடையது காலாவதியானதாக இருந்தாலும் செல்லும். வாட்ஸ்அப்பில் வந்த படம் செல்லாது. பாஸ்போர்ட்டே எடுக்காத பெடியன்கள் நிறைய, அவர்களுக்குப் பிரிட்டனில் பதிந்த பிறப்புச் சான்றிதழோடு, என்ஐ இலக்கம் உள்ள பி45 (வேலையை விடும்போது பழைய முதலாளி கொடுக்கும் வரிப் படிவம்) அல்லது வரித்துறைக் கடிதம் போன்ற ஒன்று. குடியுரிமை பெற்றவருக்கு அந்தச் சான்றிதழும் இதே மாதிரியான கடிதமும்.

#19 நள்ளிரவுஷிப்ட்

என் தம்பியைச் சோதித்ததே இல்லை. எட்டு வருடமாக என்னோடுதான் நிற்கிறான். வீட்டில் சண்டை வரப்போகிறது.

#20 வடலிக்காற்று

ஐயாவின் பழைய பாஸ்போர்ட் முத்திரையை மறந்துவிட்டோமே. என் சித்தப்பாவுக்கும் அதே பிரச்சினை வந்தது. முத்திரை நடப்பில் உள்ள பாஸ்போர்ட்டில் இருந்தால்தான் சோதனைக்குச் செல்லும், முடிந்துபோன பாஸ்போர்ட்டில் இருந்தால் செல்லாது. ஆனால் அவருடைய உரிமை எங்கும் போகவில்லை, காட்டுவதற்குத்தான் வழி இல்லை. 'நோ டைம் லிமிட்' என்று ஒரு விண்ணப்பம் இருக்கிறது, கட்டணம் இல்லை. அதைப் போட்டால் இ-விசா வரும், பிறகு அவரும் மற்றவர்கள் மாதிரிக் கோட் எடுக்கலாம். சித்தப்பாவுக்கு மின்னஞ்சல் கணக்குத் தொடங்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. ஐயாவோடு யாராவது கூட இருந்து செய்யுங்கள்.

#21 சட்டப்புத்தகம்

ஆமாம். பதில் வருமுன் 60 நாள் கடந்துவிடுமோ என்று பயந்து ஐயாவை நிறுத்திவிடாதீர்கள். நான் முன்பு சொன்னதுதான், உரிமை உள்ளவரை வைத்திருப்பது சட்டமீறல் இல்லை. பதினொரு வருடம் வேலை செய்தவரை ஒரு காகிதம் பிந்தியதற்காக நீக்கினால் அதற்கு வேறு வழக்கு வரும். விண்ணப்பத்தின் ரசீது, பழைய பாஸ்போர்ட்டின் நகல், நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்ற குறிப்பு எல்லாவற்றையும் கோப்பில் வையுங்கள்.

#22 கடைத்திண்ணை

ஐந்து கிழமைக்குப் பிறகு வருகிறேன். கடை நடக்கிறது.

தங்கச்சியின் கோட் முதல் நாளே வந்தது. எந்த வேலையும் செய்யலாம், 2027 ஒக்டோபர் வரை என்று காட்டியது. போன் நாட்காட்டியில் இரண்டு மாதம் முன்னதாக ஒரு நினைவூட்டல் போட்டிருக்கிறேன்.

ஐயாவின் விண்ணப்பம் போட்டாயிற்று. மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது, வடலிக்காற்று அண்ணை சொன்னதைவிட இரண்டு கூட. பழைய பாஸ்போர்ட்டில் 1994 இல் ஹீத்ரோவில் வந்திறங்கிய முத்திரையைக் காட்டி அரை மணித்தியாலம் கதை சொன்னார். அவருக்கு வயது இருபத்தாறாம் அப்போது.

முதியோர் இல்லத்து ஆளோடு சாவி வாங்கும் முன்பே கதைத்தேன். பட்டியலைக் காட்டினேன். கோபிக்கவில்லை. "எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது அண்ணை, கேட்கப் பயமாக இருந்தது" என்றார். வேறொரு பராமரிப்பு நிறுவனத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலை தேடுகிறார். கடைசிச் சம்பளத்தைப் பழைய முதலாளியே கொடுத்து அனுப்பினார். சனிக்கிழமைக்கு இப்போது பக்கத்துத் தெருப் பெடியன் ஒருவன், பதினெட்டு வயது. ஓட்டுநர் உரிமத்தைக் கொண்டு வந்தான், திருப்பி அனுப்பினேன். அவன் அம்மா பிறப்புச் சான்றிதழையும் பி45 ஐயும் எடுத்துக்கொண்டு நேரே கடைக்கு வந்து, "முன்பு வேலை செய்த இடத்தில் ஒருவரும் இதெல்லாம் கேட்கவில்லையே" என்றார். எல்லோரிடமும் கேட்கிறேன், என் மனைவியிடமும் கேட்டேன் என்றேன். சிரித்தார்.

மாணவன்தான் மிச்சம். கோர்ஸ் அட்டவணை தந்துவிட்டான், கிழமைக்கு 16 மணித்தியாலம் என்று எழுதியே வைத்துவிட்டோம், கோடைக்கும் அதேதான். இன்று காலை கோட் அனுப்பினான். போட்டுப் பார்த்தால் வரவில்லை. மூன்று தரம் போட்டேன். அப்புறம்தான் கவனித்தேன், ஆர் என்ற எழுத்தில் தொடங்குகிறது.

#23 சம்பளக்கணக்கு

அது வீட்டு வாடகைக்கான கோட் தம்பி. டபிள்யூ கேளுங்கள்.

#24 முதுகலைமாணவன்

நானும் முதல் வேலைக்கு அதைத்தான் அனுப்பினேன். மேனேஜர், "மாடியில ரூம் ஒண்ணும் காலி இல்லப்பா"ன்னார்.